ஆளாக்குவதும் ஆளாவதும்

சனிக்கிழமை மாலைகளில், மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் ஒரு கோயில் மண்டபத்துப் பின்கட்டில் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு நாவல் படிக்கிறேன். படிவம் நான்கு, படிவம் ஐந்து படிக்கிற, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-ஐ நோக்கிப் போகிற பிள்ளைகள். பாதிப் பேரின் தாத்தா பாட்டிகள் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள். பெற்றோரில் சிலர் இன்னும் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். பலர் சுங்கை பட்டாணியின் தொழிற்சாலைகளுக்குப் பஸ்ஸில் போய் வருகிறார்கள். சென்ற மாதம் ஒரு பையனை அழைத்துப்போக வந்த அவனுடைய தந்தை, மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்காமலேயே கேட்டார்: "டீச்சர், இந்தக் கதைப் புத்தகத்தைப் படித்தால் எஸ்.பி.எம். தேர்வில் மதிப்பெண் கூடுமா?"

"கூடாது" என்றேன்.

"பிறகு எதற்கு?"

அந்தக் கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஜெராய் மலைப் பக்கமிருந்து மழை வேறு இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வரியில் சொல்லத் தெரியாமல் சிரித்து அனுப்பிவிட்டேன். அன்று அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

பெயரிலேயே ஒரு சிக்கல்

நாங்கள் படிப்பது ஒரு குறிப்பிட்ட வகை நாவல். ஒரு சிறுவனோ சிறுமியோ வளர்ந்து, அடிபட்டு, தான் யார் என்று ஓரளவுக்குக் கண்டுகொள்ளும் கதை. ஆங்கிலத்தில் அதற்குள்ள பெயரை அப்படியே தமிழாக்கினால் 'வயதுக்கு வரும் நாவல்' என்றாகும். முதல் வாரத்தில் யோசிக்காமல் அப்படிச் சொல்லித் தொலைத்தேன். பெண் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பையன்கள் கூரையைப் பார்த்தார்கள். தமிழில் வயதுக்கு வருவது பெண் மட்டும்தான். அதற்கு மஞ்சள் நீராட்டு, மண்டபம், அழைப்பிதழ், விருந்து எல்லாம் உண்டு. பையன் எப்போது வயதுக்கு வருகிறான் என்று யாரும் பந்தி போட்டு ஊருக்குச் சொல்வதில்லை.

அதனால் 'ஆளாகும் கதை' என்று வைத்துக்கொண்டோம். இதிலும் அதே வாடை கொஞ்சம் அடிக்கிறது, 'ஆளாகிவிட்டாள்' என்றும் சொல்கிறோமே. ஆனாலும் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. 'உன்னை ஆளாக்க நான் பட்ட பாடு' என்று எங்கள் தோட்டத்துத் தாய்மார் சொல்லாத நாள் கிடையாது. ஆளாக்குவது பெற்றோரின் வேலை, பள்ளிக்கூடத்தின் வேலை, அந்தக் காலத்தில் தோட்டத்து மேற்பார்வையாளர்களான கங்காணியும் தண்டலும்கூட அதில் கை வைத்தார்கள். ஆளாவது அவரவர் வேலை. அவர்கள் ஆக்க நினைத்தது ஒன்றாகவும் இவன் ஆனது வேறாகவும் இருக்கும். அந்த இடைவெளியில்தான் இந்த வகை நாவல் முழுவதும் நடக்கிறது.

கதாநாயகன் சிறுவனாக இருந்தால் மட்டும் போதாது. துப்பறியும் சிறுவர்களின் கதைகள் இருக்கின்றன. இருபது புத்தகம் தாண்டினாலும் அவர்களுக்கு அதே வயது, அதே குணம். திருடன் மட்டும்தான் மாறுவான். நீதிக்கதையும் இதில் சேராது. அங்கே சிறுவன் தவறு செய்வான், கடைசிப் பத்தியில் திருந்துவான், அவன் திருந்தியதும் கதைக்கு வேலை முடிந்துவிடும். என்னிடம் ஒரு சொந்த அளவுகோல் உண்டு. எந்தப் பாடநூலிலும் தேட வேண்டாம். முதல் பக்கத்துச் சிறுவனைக் கடைசிப் பக்கத்து ஆள் பஸ் நிலையத்தில் சந்தித்தால் என்ன பேசுவார் என்று நினைத்துப்பாருங்கள். 'சாப்பிட்டாயா தம்பி' என்பதைத் தாண்டிப் பேச ஏதாவது இருக்குமானால், அதுவே ஆளாகும் கதை.

எப்போது, ஏன் தோன்றியது?

ஜெர்மன் மொழியில் இதற்கு 'பில்டுங்ஸ்ரோமான்' என்று பெயர். 'ரோமான்' என்றால் நாவல். 'பில்டுங்' கொஞ்சம் வழுக்கும் சொல்: உருவாதல், கல்வி, பண்படுதல் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. கார்ல் மார்கென்ஸ்டெர்ன் என்ற பேராசிரியர் 1819-இல் ஆற்றிய ஓர் உரையில் இந்தச் சொல்லை விளக்கினார். வில்ஹெல்ம் டில்தை என்ற தத்துவவாதி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பிறகுதான் அது பரவலானது. முன்மாதிரியாக எல்லாரும் காட்டுவது ஜெர்மன் எழுத்தாளர் கேத்தே 1795–96 ஆண்டுகளில் வெளியிட்ட வில்ஹெல்ம் மைஸ்டரின் கதையை. வணிகர் வீட்டுப் பிள்ளை. அப்பாவின் வியாபாரம் பிடிக்காமல் நாடகக் குழுவின் பின்னால் போகிறான். நம் வீடுகளில் இன்றும் இதே சண்டை நடக்கிறது. நாடகத்தின் இடத்தில் யூடியூப் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் காலங்காலமாக வளர்ந்துகொண்டுதான் இருந்தார்கள். அந்த வளர்ச்சிக்கு மட்டும் ஏன் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தனியாக ஒரு நாவல் வகை தேவைப்பட்டது? குயவர் மகன் குயவர், கொல்லர் மகன் கொல்லர் என்றிருந்த காலத்தில் 'நீ என்னவாகப் போகிறாய்?' என்று எந்தப் பிள்ளையையும் யாரும் கேட்டதில்லை. விடை பிறக்கும்போதே தெரியும். ஐரோப்பாவில் நகரங்கள் பெருத்து, பிழைக்கும் வழிகள் பெருகி, அப்பாவின் தொழில் பிள்ளையின் தலையெழுத்து இல்லை என்று ஆனபோது அந்தக் கேள்வி பிறந்தது. கேள்வியோடு பயமும் பிறந்தது. அந்தப் பயத்துக்குத்தான் இந்த நாவல் வடிவம் கிடைத்தது.

இதைப் பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு ஐரோப்பா தேவைப்படவில்லை. என் பாட்டி காலத்துத் தோட்டமே போதும். லயம் என்ற வரிசை வீடுகளில் பிறந்த குழந்தை ஆயாக் கொட்டகையில் வளரும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சில வருடம் உட்காரும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அம்மாவோடு இருட்டில் எழுந்து பெரட்டு என்ற காலைப் பெயரழைப்புக்குப் போய், அவளுக்கு ஒதுக்கிய மர நிரையில் பால் பிடிக்கும் மங்கு துடைக்கத் தொடங்கும். 'என்னவாகப் போகிறாய்' என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. பிறகு வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்றும் பெருமூச்சோடு சொல்வது அதைத்தான். 1960-இல், அன்று அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, தொழிலாளர்கள் கூடிப் பணம் போட்டுத் தோட்டத்தைத் தாங்களே வாங்கட்டும், நடுத்தெருவுக்கு வராமல் இருக்கட்டும் என்பதற்காக. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தொழிற்சாலைகள் வந்தன. லயங்கள் காலியாகின. கதவு திறந்தது என்றும் சொல்லலாம், கூரை பிய்ந்தது என்றும் சொல்லலாம், இரண்டும் உண்மை. 'என்னவாகப் போகிறாய்' என்ற கேள்வி அப்போதுதான் எங்கள் வாசலுக்கு வந்தது, கேத்தேவின் ஊரைவிட நூற்றைம்பது வருடம் பிந்தி.

இன்றைய பிள்ளைகளுக்கும் ஆளாகும் கதையின் முதல் அத்தியாயம் தயாராக இருக்கிறது. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி. பதின்மூன்றாவது வயதில் மலாய் மொழியில் நடக்கும் தேசிய இடைநிலைப்பள்ளி. பள்ளியாண்டு தொடங்கும் ஒரு காலைப்பொழுதில், அதுவரை வகுப்பில் முதல் மாணவியாக இருந்தவள், வாயைத் திறக்கவே அஞ்சுகிறவளாகிவிடுகிறாள். மலாய் மொழியில் இன்னும் தேறவில்லை என்றால் முன்பெல்லாம் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாக இருக்க வேண்டும், நான் இருந்தேன். அந்த ஒரு வருடத்தைப் பற்றி நாற்பது பக்கம் எழுதலாம்.

ஒரே 'நான்', இரண்டு வயது

இந்த நாவல் படிக்கிற பிள்ளையின் மனத்தை எப்படித் தொடுகிறது என்பதற்கு வருகிறேன். சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்ற நாவலை எடுத்துக்கொள்வோம். 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. பிப் என்ற அனாதைச் சிறுவன், தன் அக்காவின் கணவரான ஜோ என்ற கொல்லரின் வீட்டில் வளர்கிறான். ஒருநாள் ஒரு பணக்கார வீட்டில் சீட்டு விளையாடப் போகிறான். எஸ்டெல்லா என்ற அந்த வீட்டுச் சிறுமி, அவன் சீட்டுக்குச் சொல்லும் பெயரைக் கேட்டு எள்ளி நகைக்கிறாள். அவன் கை முரடாக இருக்கிறது, காலணி தடியாக இருக்கிறது என்கிறாள். அதுவரை தன் கையைப் பற்றி அவன் யோசித்ததே இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது அவனுக்கு உலகமே வேறாகிவிடுகிறது.

இந்த இடத்தைப் படித்த அன்று எங்கள் மண்டபத்தில் வழக்கமான சலசலப்பு இல்லை. வீட்டில் புழங்கும் ஒரு சொல் வெளியே கேலியாகும் கணம் இந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். டிக்கன்ஸுக்கு பீடோங் தெரியாது. இருந்தாலும் தெரிந்தவர் போல எழுதியிருக்கிறார்.

பிறகு பிப்புக்கு யாரோ முகம் தெரியாத ஒருவரின் பணம் வருகிறது, லண்டனில் கனவானாகப் படிக்கிறான். ஜோ அவனைப் பார்க்க வருகிறார், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், எங்கே வைத்தாலும் கீழே விழுகிற ஒரு தொப்பியோடு. தான் தோளில் தூக்கி வளர்த்த பையனை 'ஐயா' என்கிறார். அந்த வருகை தெரியவந்ததும் தன் மனத்தில் ஓடியதைப் பிப் ஒளிக்காமல் சொல்கிறான்: பணம் கொடுத்து அவரை வராமல் தடுக்க முடிந்திருந்தால் நிச்சயம் கொடுத்திருப்பேன்.

எனக்குப் பதினான்கு வயது. பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட அப்பா பள்ளிக்கு வரவேண்டும். மரம் சீவி, பால் நிறுத்து ஊற்றிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் தோட்டத்து லோரியில் ஏறி நேராக வந்துவிட்டார். உறைந்த ரப்பர்ப் பாலான கட்டிப்பாலின் வாடையை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை. சட்டையில் பால் கறை கறுத்து ரப்பராகவே ஒட்டியிருந்தது. நான் மாடியிலிருந்து அவரைப் பார்த்தேன். பிறகு கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அவர் தட்டுத் தடுமாறி அலுவலகத்தைக் கண்டுபிடித்து, ஆசிரியரைக் கண்டுபிடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மாலையில், "உன்னைக் காணவில்லையே" என்றார். "தேர்வு இருந்தது" என்றேன்.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. சொல்லக்கூடிய ஒன்று என்றே தோன்றியதில்லை. இருபத்தொரு வயதில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் நூலகத்தில் ஜோவின் தொப்பி விழும் பக்கத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ஒரு வெள்ளைக்காரர், ஆண், நூறு வருடத்துக்கும் முன்னால் செத்தவர், என் கழிவறைக் கதவைத் தட்டியிருந்தார்.

அந்தப் பக்கம் என்னைத் திட்டவில்லை. 'பெற்றோரை மதி' என்று புத்திமதி சொல்லியிருந்தால் ஆயிரத்தொன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பேன். அங்கே இருந்தது வேறு. வெட்கப்படும் பிப்புக்கு இளம் வயது. அதைச் சொல்லும் பிப்புக்கு வயது அதைவிட மிகக் கூடுதல். இரண்டு பேருமே 'நான்' என்றுதான் சொல்கிறார்கள். பெரிய நான் சின்ன நானை மன்னிப்பதும் இல்லை, அடிப்பதும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து 'நடந்தது இதுதான்' என்கிறது. வீட்டை எண்ணி வெட்கப்படுவது மிகப் பரிதாபமான ஒன்று என்று ஓர் அத்தியாயத்தையே தொடங்குகிறான் பிப். சின்னவனால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. அவனுக்கு வெட்கம் தெரியும். அது வெட்கம் என்று தெரியாது.

ஆளாகும் கதையின் இயந்திரம் இதுதான் என்று நினைக்கிறேன். பதினாறு வயதில் நமக்கு இருப்பது ஒரே ஒரு 'நான்', இப்போது இருக்கிற நான். அது நினைப்பதுதான் உண்மை, அதன் அவமானம்தான் உலகம் முடியும் இடம். இந்த நாவலைப் படிக்கும்போது முதன்முறையாக இன்னொன்று தட்டுப்படுகிறது: இன்றைய என்னை ஒருநாள் திரும்பிப் பார்க்கப்போகும் ஒருவர் இருக்கிறார், அவர் வேறு யாருமில்லை. கண்ணோட்டம் மாறுவது என்று பெரிய சொல்லால் சொல்கிறோமே, அது பெரும்பாலும் இவ்வளவுதான். இதனால் நான் ஓடிப்போய் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. அவர் அதை மறந்தே போயிருப்பார், அல்லது மறக்காமல் இருந்திருப்பார். இரண்டையும் தாங்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் தாழ் திறந்திருந்தது.

இதிலிருந்து ஒரு நடைமுறை எச்சரிக்கை: சுருக்கப்பதிப்புகளை நம்பாதீர்கள். பள்ளி நூலகங்களில் கிடைக்கும் எளிய ஆங்கிலச் சுருக்கங்களில் சம்பவம் எல்லாம் இருக்கும். திரும்பிப் பார்க்கும் பெரியவரின் குரலைத்தான் முதலில் வெட்டுவார்கள், 'கதை நகரவில்லை' என்று. வெட்டிய பிறகு மிஞ்சுவது தொப்பி விழுந்த கதை மட்டும்.

ஆய்வுகள் எவ்வளவு தூரம் வரும்?

நாவல் படித்தால் மனிதரைப் புரிந்துகொள்ளும் திறன் வளரும் என்று ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்துவிட்டதாக அடிக்கடி படிக்கிறோம். கொஞ்சம் பொறுங்கள். 2013-இல் கிட், காஸ்டானோ என்ற இருவர் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இலக்கியத் தரமான புனைகதையில் சில பக்கங்களை வாசித்தவர்கள், கண்களின் படத்தை மட்டும் பார்த்து ஒருவரின் உணர்வைக் கண்டுபிடிக்கும் சோதனையில் சற்று நன்றாகச் செய்தார்கள் என்பது அதன் சாரம். உலகமெங்கும் செய்தியானது. பிறகு மற்றவர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 2018-இல் சமூக அறிவியல் சோதனைகள் 21-ஐ மறுபடி நடத்திப் பார்த்த ஒரு பெரிய முயற்சியில் 13 தேறின. இது தேறாதவற்றில் ஒன்று. அதே 2018-இல் 14 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட இன்னொரு கட்டுரை, விளைவு உண்டு, ஆனால் சிறியது என்றது. அரை மணி நேரம் வாசித்துவிட்டு ஆள் மாறுவதில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒரு வேளை இலைச்சோறு தின்றவன் பயில்வான் ஆகவில்லை என்று யாராவது கட்டுரை எழுதுவார்களா?

என் வேலைக்கு அதிகம் உதவியது இத்தாலியில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வு. ஹாரி பாட்டர் கதைகளில் பிறப்பை வைத்துப் பிறரை இழிவுபடுத்தும் பகுதிகளை ஆறு வாரம் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்து, பேசவும் செய்தார்கள். குடியேறிகள் மீதான அவர்களின் எண்ணம் மேம்பட்டது; அதுவும் எல்லாருக்கும் அல்ல, ஹாரியோடு தங்களை ஒன்றாக உணர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும். புத்தகம் தானாக எதையும் செய்துவிடுவதில்லை. வாசித்த பிறகு யாராவது பேச இருக்க வேண்டும், வாசிக்கிறவர் கதைக்குள் யாருடைய செருப்பையாவது மாட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

நம் ஊரே கதைக்குள் வந்தால்

செருப்பு அளவாக இருப்பதும் முக்கியம். ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1990-இல் எழுதியதை ஆசிரியர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள்: புத்தகம் சிலருக்கு ஜன்னல், சிலருக்கு முகம் பார்க்கும் கண்ணாடி. எங்கள் பிள்ளைகளுக்கு ஜன்னல்கள் நிறைய. மலாய் நாவல்கள் பாடத்தில் இருக்கின்றன, எஸ்.பி.எம். தமிழ் இலக்கியம் எடுப்பவர்களுக்குத் தமிழ் நாவல் உண்டு. கண்ணாடிதான் அரிது.

அதனால்தான் கே.எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' எங்களுக்கு விசேஷம். 1981-இல் வந்த நாவல். மணியம் 1942-இல் இதே பீடோங்கில் பிறந்தவர், 2020-இல் காலமானார். நாவலின் நாயகன் ரவி, சலவைத் தொழிலாளியின் மகன். பெரியதாய் என்ற பாட்டி இந்தியாவிலிருந்து வந்து இந்த மண்ணில் வேர்விடப் பார்க்கிறாள். பேரன் ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான்; அங்கே கேட்கும் கதைகளும் மொழியும் அவனை ஒவ்வோர் அடியாக வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டுபோகின்றன. பிறகு திரும்பி வருகிறான். திரும்பி வருவது என்பது என்ன என்பதுதான் புத்தகமே.

தன் ஊர்ப் பெயரை அச்சில் பார்த்ததும் பிள்ளைகள் செய்த முதல் காரியம் கைப்பேசியை எடுத்ததுதான். இந்தத் தெரு எது, அந்த ஆஸ்பத்திரி எங்கே இருந்தது என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) தாத்தாக்களை எழுப்பிக் கேட்டார்கள். அரை மணி நேரம் நாவல் நகரவே இல்லை. நானும் தடுக்கவில்லை. நம் ஊர் கதைக்குத் தகுதியானது என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றுவதே கண்ணோட்ட மாற்றத்தில் பாதி. (எங்கள் ஊர்த் தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைத்த கண்ணாடி ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். நானும் கவனித்தேன். பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டேதான் படித்தோம்.)

ஒரு பெண் மட்டும் திருப்தியாகவில்லை. "டீச்சர், இந்தக் கதைகளில் எல்லாம் பையன் வீட்டை விட்டுப் போகிறான், வெட்கப்படுகிறான், வருந்துகிறான், எழுதுகிறான். வீட்டிலேயே இருந்து தம்பிக்குச் சோறு போடும் அக்கா எப்போது ஆளாகிறாள்?" என்றாள். நல்ல கேள்வி. 1847-இல் ஷார்லட் பிராண்டி 'ஜேன் அயர்' எழுதியபோதே ஓரளவுக்குப் பதில் சொல்லப்பட்டுவிட்டது என்றேன். அவளும் அனாதைதானே, வீடு இருக்கிறவளுக்கு என்ன பதில் என்று திருப்பிக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மண்டபம் கழுவி, நாற்காலிகளை அடுக்கி, விருந்தாளிகள் எல்லாம் போன மறுநாள் காலையில் அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியது என்று எழுதிய நாவலைத்தான் அவள் தேடுகிறாள் என்று நினைக்கிறேன்.

வீட்டில் எப்படித் தொடங்குவது?

பெற்றோர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லலாம். பிள்ளையிடம் இருக்கும் குறையை மனத்தில் வைத்து, அதைத் திருத்தும் நாவலைத் தேடிக் கொடுக்காதீர்கள். முதல் அத்தியாயத்திலேயே மருந்து வாடை வந்துவிடும். முடித்ததும் 'என்ன படிப்பினை?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கான பதிலைப் பிள்ளைகள் நாவலைத் திறக்காமலேயே எழுதுவார்கள், 'பெற்றோரை மதிக்க வேண்டும்' என்று. நான் கேட்பது வேறு: எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடலாம் என்று தோன்றியது? பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பக்கம் இருக்கும். ஏன் என்று உடனே கேட்கக் கூடாது. இரண்டு வாரம் கழித்துத் தானாக வரும், அல்லது வராது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆளாகும் கதை படித்த பிள்ளை உங்களுக்குப் பிடித்த திசையில்தான் மாறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிப்பைப் படித்துவிட்டு ஒரு பையன் அப்பாவோடு சேர்ந்து தேநீர் குடிக்கத் தொடங்கினான். அதே நாவலைப் படித்த இன்னொருவன், தனக்கு மருத்துவப் படிப்பு வேண்டாம் என்று வீட்டில் அறிவித்துவிட்டான். அவனுடைய அம்மா என்னோடு இன்னும் பேசுவதில்லை. ஆளாக்க நினைத்தவர்களுக்கும் ஆனவனுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது என்று மேலே எழுதினேனே, அது புத்தகத்துக்குள் மட்டும் இல்லை.

டிக்கன்ஸ் தன் நாவலுக்கு முதலில் எழுதிய முடிவு ஒன்று. நண்பரும் எழுத்தாளருமான புல்வர் லிட்டன் சொன்னதைக் கேட்டு அச்சேறும் முன் மாற்றியது வேறு. முதல் முடிவில் பிப்பும் எஸ்டெல்லாவும் பிரிகிறார்கள். மாற்றியதில் சேரலாம் என்ற நம்பிக்கை துளிர்க்கிறது. இரண்டையும் வாசித்துக் காட்டி, எது சரி என்று கேட்டேன். சண்டை ஒரு மணி நேரம் நீண்டது. முடிவில் கை தூக்கச் சொன்னால் சரிபாதி.

அதற்கு அடுத்த சனிக்கிழமை ஒரு பயிற்சி கொடுத்தேன். இன்று காலை நடந்ததை எழுதுங்கள், ஆனால் எழுதும்போது உங்களுக்கு நாற்பது வயது. முதலில் சிரிப்பு. ஒருவன் தனக்கு மூன்று கார் இருப்பதாகத் தொடங்கினான். ஒருத்தி 'என் கணவர்' என்று எழுதிவிட்டுத் தாளைக் கிழித்துப்போட்டாள். மோட்டார் சைக்கிள் அப்பாவின் மகன், வழக்கமாக வாயே திறக்காதவன், அரைப் பக்கம் எழுதிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். எல்லாரும் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். 'அந்த வருடம் அப்பா இன்னும் செம்பனைத் தோட்டத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். காலையில் பசியாறும்போது அவர் கையில் முள் குத்திய தழும்பு இருந்தது. நான் பார்த்தேன், எதுவும் கேட்கவில்லை' என்று தொடங்கியது.

'இன்னும்' என்ற சொல்லை முதலில் எழுதி, அடித்து, மறுபடி மேலே எழுதியிருந்தான்.